ஐஸ் உருகினால் ஆட்டம் ஆரம்பம்!

பி.காம். இரண்டாம் வருஷத்தில் எங்களுக்கு காஸ்ட் அக்கவுன்டன்சி எடுத்தவர் அடிக்கடி ஒரு கேள்வி கேட்பார். "ஊரிலே ஒரு கல்யாண மண்டபம் கட்டியிருக்கே. ஆடி மாசமும் மார்கழி மாசமும் முகூர்த்தம் கிடையாது. கரன்ட் பில், வாட்ச்மேன் சம்பளம், பாங்க் வட்டி மட்டும் நிக்காம வந்துகிட்டிருக்கு. என்ன பண்ணுவே?" கடைசி பெஞ்சிலிருந்து யாராவது, "ஜவுளிக் கண்காட்சிக்கு வாடகைக்கு விடுவேன் ஸார்!" என்பார்கள். "அதான்டா காஸ்ட் அக்கவுன்டன்சி!" என்று சாக்பீஸைத் தூக்கிப் போட்டுப் பிடிப்பார்.

1931-ல் கனடாவின் மான்ட்ரியல் நகரத்தில் ஐஸ் ஹாக்கி அரங்கம் வைத்திருந்தவர்களுக்கும் இதே தலைவலிதான். குளிர்காலம் முழுக்கக் கூட்டம் அம்மும். வசந்தம் வந்தால் ஐஸை உருக்கிவிட்டுப் பூட்டுப் போட வேண்டும். பூட்டிக் கிடந்தாலும் வட்டி ஓடும். யோசித்தார்கள். வெளியே பெரிய புல்வெளியில் ஆடிக்கொண்டிருந்த லக்ராஸ் என்ற ஆட்டத்தை அலாக்காகத் தூக்கி வந்து, நாலு பக்கமும் பலகை அடித்த ஹாக்கிப் பெட்டிக்குள் போட்டார்கள். கீழே ஐஸ் இல்லை, வெறும் தரை. ஆட்கள் குறைவு, இடம் குறைவு, வேகம் மட்டும் பலமடங்கு. கொஞ்ச வருஷத்திலேயே கனடாக்காரர்கள் புல்வெளி ஆட்டத்தை ஓரங்கட்டிவிட்டுப் பெட்டி ஆட்டத்துக்கு மாறிவிட்டார்கள். பாக்ஸ் லக்ராஸ் பிறந்த கதை இதுதான். ஒரு விளையாட்டுக்கு அப்பன் காஸ்ட் அக்கவுன்டன்சி என்பதில் எனக்கு அல்ப சந்தோஷம்.

ஆனால் தாத்தா யார் என்று கேட்டால் விஷயம் வேறே. அதற்குப் பிற்பாடு வருகிறேன்.

டொரான்டோவுக்குக் கிழக்கே சுமார் 50 கிலோமீட்டரில் விட்பி என்று ஓர் ஊர். என் பெரியம்மா பெண் அங்கே குடும்பத்தோடு இருக்கிறாள். கும்பகோணத்தில் பிறந்து, ஆடுதுறைக்கு அந்தண்டை போகவே அழுதவள். இப்போது மைனஸ் இருபதில் கார் ஓட்டுகிறாள். மே மாசக் கடைசியில் நான் போய் இறங்கியபோது வீட்டில் ஒரே பஞ்சாயத்து. பஞ்சாயத்தின் மையம், எட்டு வயசுப் பையன். கேஸ் என்னவென்றால், பள்ளிக்கூடத்தில் யாரோ ஒரு வலைபோட்ட குச்சியைக் கையில் கொடுத்துப் பந்து பிடிக்கச் சொன்னார்களாம். பையன் பிடித்துவிட்டான். அன்றிலிருந்து 'லக்ராஸ் விளையாடணும்' என்று சாப்பாட்டில் கை வைக்க மாட்டேன் என்கிறான்.

"ஏழாம் மாசத்துல பொறந்த புள்ளைடா இது. நாப்பது நாள் கண்ணாடிப் பெட்டியில வச்சிருந்தாங்க. இவனைப் போய்க் குச்சியால அடிச்சுக்கற கூட்டத்துல விடறதா?" என்றாள் அக்கா.

அத்தான் எதுவும் சொல்லவில்லை. ஆனால் ராத்திரி மாடிப்படியில் என்னைப் பிடித்துக்கொண்டார். "குளிர்காலத்துல இவன் கிளாஸ்ல எல்லாப் பசங்களும் ஹாக்கியப் பத்தித்தான் பேசறானுங்க. மூணு வயசுலேயே ஸ்கேட்டிங் கத்துக்கிட்டவனுங்க. இவன் எட்டு வயசுல போய் சுவரைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறதா? ரீசஸ்ல தனியா நிக்கிறான்பா. டீச்சரே சொன்னாங்க. இந்த ஆட்டத்துக்கு ஷூ போட்டு ஓடத் தெரிஞ்சா போதுமாம்."

இரண்டு பேர் சொன்னதும் நியாயம். நான் வழக்கம்போல் காபி கேட்டுத் தப்பித்துக்கொண்டேன்.

சனிக்கிழமை காலை, புதிதாக வரும் பிள்ளைகளுக்கும் பெற்றவர்களுக்கும் ஆட்டத்தை அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சி. மூணு பேரும் பையனுமாகப் போனோம். ஐஸ் ஹாக்கி அரங்கம் என்றதும் ஸ்வெட்டர் எடுத்துப் போனேன். உள்ளே அம்பத்தூர் எஸ்டேட் ஷெட் மாதிரி வெக்கை! ஐஸை எடுத்துவிட்டால் அது வெறும் தகரக் கூரையும் சிமென்ட் தரையும்தானே. மழைக்காலப் புழுக்கத்தில் தரையே வியர்க்குமாம். உருளைக்கிழங்கு வறுவல் வாசனை, ரப்பர் வாசனை, பழைய கையுறை வாசனை மூன்றும் கலந்து வந்தது. கேலரியில் பெற்றோர்கள் ஆளுக்கொரு டிம் ஹார்ட்டன்ஸ் காபியோடு உட்கார்ந்திருந்தார்கள். (டிம் ஹார்ட்டன் என்பவரே ஒரு ஹாக்கி வீரர். அந்த ஊரில் காபிகூட ஹாக்கி வழியாகத்தான் வரும்.)

கோச், ஐம்பது வயசுத் தபால்காரர். சம்பளம் கிடையாது. இங்கே சின்னப் பிள்ளைகளுக்குக் கோச், மானேஜர், கடியாரம் பார்ப்பவர் எல்லாம் யாரோ ஒரு பையனின் அப்பா அல்லது அம்மாதான். நம்ம ஊர்க் கோயில் திருவிழாக் கமிட்டி மாதிரி, வசூல் உட்பட.

முதலில் ஒரு பெரிய பையனைக் கூப்பிட்டு நடுவில் நிறுத்தினார். உற்சவருக்கு அலங்காரம் பண்ணுகிற மாதிரி ஒவ்வொன்றாக மாட்டினார். முகத்துக்குக் கம்பிக் கூண்டு வைத்த ஹெல்மெட். பல்லுக்கு ரப்பர் கார்டு. தோளுக்கு, முழங்கைக்கு, புஜத்துக்குத் தனித்தனிப் பட்டை. விலா எலும்பும் சிறுநீரகமும் தப்பிக்க ஒரு அரைக் கவசம். தடித் தடியாகக் கையுறை. அப்புறம் கிரிக்கெட்காரர்களுக்குத் தெரிந்த அந்த 'முக்கியமான' கார்டு. அலங்காரம் முடிந்தபோது உள்ளே பையன் இருக்கிறானா என்றே சந்தேகம் வந்தது. அக்கா முகத்தில் முதல்முறையாகக் கொஞ்சம் ரத்த ஓட்டம். "இவ்வளவும் போட்டுக்கிட்டா அடிபட வேற இடமே இல்லையேடா?"

"கால் இருக்கே அக்கா."

முறைத்தாள்.

பந்தைப் பெற்றோர்களிடம் சுற்றவிட்டார். கெட்டி ரப்பர். சுமார் 145 கிராம். நம் கிரிக்கெட் பந்து கிட்டத்தட்ட 160 கிராம். அதைவிடக் கொஞ்சம் லேசு, கொஞ்சம் சின்னது. ஆனால் சிமென்ட்டில் போட்டால் நெஞ்சு உயரத்துக்குத் துள்ளுகிறது. ரொம்பச் சின்னக் குழந்தைகளுக்கு மெத்துப் பந்து.

அந்தக் காலத்தில் வயசுப் பிரிவுகளுக்கு வைத்திருந்த பெயர்கள் பிரமாதம். பொடிசுகளுக்கு 'பேப்பர்வெயிட்'! அப்புறம் டைக், நாவிஸ், பீவீ, பான்ட்டம் என்று போகும். இப்போது எல்லாவற்றையும் எடுத்துவிட்டு ஒன்பது வயசுக்குக் கீழ், பதினொன்றுக்குக் கீழ் என்று ரேஷன் கார்டு பாஷையில் மாற்றிவிட்டார்கள். பேப்பர்வெயிட்டை விட்டிருக்க வேண்டாம். ஃபேன் காற்றில் பறக்காமல் நிற்கும் அளவுக்காவது கனமுள்ள பிள்ளைகள் என்று அர்த்தம் பண்ணிக்கொள்ளலாமே!

பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்த முதல் பாடம்தான் எனக்குப் பிடித்தது. குச்சியின் நுனியில் வலைப்பை. அதற்குள் பந்து. ஓடும்போது பந்து விழாமலிருக்க, மணிக்கட்டால் குச்சியை முன்னும் பின்னும் மெல்ல ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு அவர்கள் வைத்த பெயர், தொட்டில் ஆட்டுவது. சும்மா நின்றுகொண்டு ஆட்டலாம், நடந்து ஆட்டலாம், எதிராளி முதுகில் இடிக்கும்போதும் ஆட்டலாம். நிறுத்தினால் பந்து அழுதுகொண்டு கீழே விழும். நாற்பது நாள் கண்ணாடிப் பெட்டிக்கு வெளியே நின்றவள் இதைக் கேட்டதும் பேசாமல் முன் வரிசைக்குப் போய் உட்கார்ந்தாள்.

அடுத்தது, எந்தக் கை? நம் பையன் எழுதுவது, சாப்பிடுவது எல்லாம் வலது. குச்சியைக் கொடுத்தால் இப்படியும் அப்படியும் மாற்றிப் பிடிக்கிறான். வலைப்பையின் பக்கம் எந்தக் கை இருக்கிறதோ அதுதான் இந்த ஆட்டத்தில் 'உன் கை'. இது சாதாரண விஷயமில்லை. எதிராளியின் கோலை நோக்கிப் போகும்போது இடது கைக்காரர்கள் வலது பக்கம் நிற்பார்கள், வலது கைக்காரர்கள் இடது பக்கம். அப்போதுதான் குச்சி நடுவைப் பார்த்து இருக்கும், கோல் நன்றாகத் தெரியும். கேரம் போர்டில் மூலைக் காய்க்கு எங்கே உட்கார்ந்தால் வசதியோ அந்தக் கணக்குதான். ஆகவே ஓர் அணிக்கு இரண்டு கைக்காரர்களும் வேண்டும். கோச் அவசரப்படுத்தவில்லை. "ஒரு மாசம் சுவரில் எறிந்து பிடிக்கட்டும். கை தானே முடிவு பண்ணும்" என்றார். தினம் இருபது நிமிஷம் சுவரோடு ஆட்டம். அதுதான் ஹோம்ஒர்க். அக்கம்பக்கத்தில் கராஜ் கதவு நெளிந்திருந்தால் அந்த வீட்டில் லக்ராஸ் பிள்ளை இருக்கிறது என்று கண்டுபிடித்துவிடலாம்.

ஆட்டம் பெரிய சிக்கலில்லை. ஓர் அணிக்கு ஐந்து பேர், ஒரு கோலி. கோல், சுமார் நாலடி உயரம். அகலமும் ஏறக்குறைய அவ்வளவுதான். அதன் முன்னால் கோலி, மெத்தைக் கடை நடந்து வந்த மாதிரி அடைத்துக்கொண்டு நிற்பார். சந்துபொந்தில்தான் பந்தைச் செருக வேண்டும். கோலைச் சுற்றிப் போட்ட கோட்டுக்குள் எதிராளி கால் வைக்கக்கூடாது. பெரியவர்கள் ஆட்டத்தில் பந்து கைக்கு வந்தால் முப்பது விநாடிக்குள் கோலைப் பார்த்து அடித்தாக வேண்டும். இழுத்தடிப்பதெல்லாம் நடக்காது. பந்து பலகையில் பட்டுத் திரும்பினாலும் ஆட்டம் நிற்காது. ஆள் மாற்றுவதும் ஓட்டத்திலேயே. நம்மாள் பெஞ்சுக்கு ஓடி வருகிறார், இன்னொருவர் தாண்டிக் குதித்து உள்ளே போகிறார், சென்னையில் பஸ் மாறுகிற மாதிரி. குச்சியை ஓங்கி அடித்தால் இரண்டு நிமிஷம் ஜெயில். மோசமாக அடித்தால் ஐந்து. பெரியவர்கள் ஒருவரையொருவர் குச்சியைக் குறுக்கே வைத்துத் தள்ளுவதற்கு அனுமதி உண்டு. பொடிசுகளின் ஆட்டத்தில் அந்த முட்டல் மோதலுக்கெல்லாம் கடிவாளம் போட்டிருக்கிறார்கள்.

கேள்வி நேரம் வந்தது. முதல் கேள்வி, பல் போகுமா? கோச் சிரித்தார். 1860-களில் இந்த ஆட்டத்துக்கு முதன்முதலாக விதிகளை எழுதி அச்சடித்தவர் ஜார்ஜ் பீயர்ஸ் என்ற மான்ட்ரியல்காரராம். தொழில்? பல் டாக்டர்! (கட்சிக்காரர்களை உற்பத்தி செய்ய இதைவிட நல்ல வழி உண்டா?)

இரண்டாவது கேள்வியை அக்கா கேட்டாள். இங்கிலீஷில், எழுந்து நின்று. "தலையில் அடிபட்டால் என்ன செய்வீர்கள்?"

அவர் மழுப்பவில்லை. "யாருக்கும் அடிபடாது என்று சொன்னால் நான் பொய்யன். கையில் சிராய்ப்பு, கன்றிப்போவது சகஜம். தலையிலும் படலாம். சந்தேகம் வந்தால் உட்கார வைத்துவிடுவோம். அன்றைக்கு மறுபடி இறக்க மாட்டோம். டாக்டர் சரி என்றால்தான் திரும்ப ஆட்டம்" என்றார். கையில் ஒரு தாளைக் கொடுத்தார். ரோவன் சட்டம் என்று மேலே போட்டிருந்தது. ரோவன் ஸ்ட்ரிங்கர் என்ற 17 வயசுப் பெண், ஆட்டவாவில் பள்ளி ரக்பி ஆடியவள். கொஞ்ச நாளுக்குள் அடுத்தடுத்துத் தலையில் அடி. முதல் அடியிலேயே நிறுத்தி உட்கார வைக்க யாருக்கும் தோன்றவில்லை. 2013-ல் இறந்துபோனாள். அதன்பிறகு பெற்றவர்கள் விடாமல் நடையாய் நடந்து, 2018-ல் ஒன்டாரியோவில் சட்டம் வந்தது. இப்போது தலைக் காயத்தின் அடையாளங்கள் என்னென்ன என்று பெற்றோரும் பிள்ளையும் படித்துக் கையெழுத்துப் போட்டால்தான் பதிவே செய்ய முடியும். ஒவ்வொரு வருஷமும் படிக்க வேண்டும்.

அக்கா அந்தத் தாளை இரண்டு தரம் படித்தாள். மடித்துக் கைப்பையில் வைத்தாள். பதிவு பாரத்தையும் அதோடு வைத்துக்கொண்டாள், நிரப்பாமல்.

பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள் இவ்வளவு நேரம் எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தார் போலிருக்கிறது. திடீரென்று தமிழில், "நீங்கள் யோசிக்கிறது விளங்குது. என்ர மகன் மூண்டு வருசமா விளையாடுறான். ஒருக்கா விரல் வீங்கினது, அவ்வளவுதான். ஆனா ஒண்டு சொல்லுறன், கவசம் புதுசா வாங்காதேங்கோ. பிள்ளையள் கெதியா வளர்ந்திடுவினம். பழசு மாத்திக் குடுக்கிற நாள் ஒண்டு வைப்பினம், அங்க வாங்குங்கோ. ஹெல்மெட் மட்டும் புதுசு எடுங்கோ" என்றார். யாழ்ப்பாணத்துக்காரர். ஐந்து நிமிஷத்தில் இரண்டு பேரும் ஹெல்மெட்டிலிருந்து புளி விலைக்குப் போய்விட்டார்கள்.

செலவு விஷயத்தில் அந்த அம்மாள் சொன்னது சரி. ஹாக்கிக்கு ஸ்கேட்ஸ் வேண்டும், ஐஸ் வாடகை தர வேண்டும். இங்கே இரண்டும் இல்லை. ஆனால் ஆட்டம் என்னவோ பாதி ஹாக்கிதான். பிரான்ட்ஃபர்டு ஊரில் பிறந்த ஹாக்கிச் சக்கரவர்த்தி வேன் கிரெட்ஸ்கியே சின்ன வயசில் கோடையில் லக்ராஸ் ஆடியவர்தான். கனடாவில் 1994-ல் நாடாளுமன்றத்தில் சட்டமே போட்டார்கள். குளிர்காலத் தேசிய விளையாட்டு ஹாக்கி, கோடைகாலத் தேசிய விளையாட்டு லக்ராஸ் என்று. ஒரு வீட்டில் இரண்டு பிள்ளை, சண்டை வரக்கூடாதே!

நமக்கும் இதில் ஒரு பழைய பாக்கி இருக்கிறது. பள்ளியில் மின்டோ-மார்லி சீர்திருத்தம் 1909 என்று மனப்பாடம் பண்ணியிருப்பீர்கள். அந்த மின்டோ பிரபு இந்தியாவுக்கு வைஸ்ராயாக வருமுன் கனடாவில் கவர்னர் ஜெனரல். 1901-ல் லக்ராஸுக்கு ஒரு வெள்ளிக் கோப்பை கொடுத்தார். இன்றைக்கும் இளைஞர்களுக்கான பாக்ஸ் லக்ராஸ் சாம்பியன்களுக்கு மின்டோ கோப்பைதான். விட்பிக்கு அடுத்த ஊரான ஆஷவா, கிரீன் கேல்ஸ் என்ற அணியை வைத்துக்கொண்டு 1963-லிருந்து 1969 வரை வரிசையாக ஏழு தடவை அதைத் தூக்கியது. கனடாவுக்குக் கோப்பை கொடுத்தவர் நமக்குத் தனித் தொகுதி கொடுத்தார். அவரவர் அதிர்ஷ்டம்.

பெரியவர்களுக்கு மான் கோப்பை. தங்கம்! ரயில் பாதை போட்டுச் சம்பாதித்த டொனால்டு மான் 1910-ல் கொடுத்தது. ஆனால் ஆடுகிறவர்கள் தங்கத்தில் புரள்வதில்லை. நேஷனல் லக்ராஸ் லீக் என்ற தொழில்முறைப் போட்டியில் ஆடுகிறவர்களில்கூடப் பல பேர் வார நாளில் வாத்தியார், தீயணைப்பு வீரர் என்று வேறு உத்தியோகம் பார்க்கிறவர்கள். திங்கட்கிழமை கன்னம் வீங்கி ஆபீஸ் வந்தால் சக ஊழியர்கள் டி.வி.யில் ஏற்கெனவே பார்த்திருப்பார்கள். லீவு லெட்டரில் பொய் எழுத வழியில்லை.

இனி தாத்தா கதை.

மறுநாள் ஞாயிறு. அத்தான் கார் எடுத்தார். இரண்டு மணி நேரம். ஹாமில்டன் தாண்டி, பிரான்ட்ஃபர்டு பக்கம் போனால் கிராண்ட் ரிவர். பச்சைப் பசேலென்று சோம்பேறித்தனமாக ஓடுகிற ஆறு. திருவையாறு தாண்டிய காவிரியை அப்படியே கொண்டுவந்து வைத்த மாதிரி இருந்தது. 1784-ல் இந்த ஆற்றின் இரு கரையிலும் ஆறு மைல் அகலத்துக்கு நிலத்தை, தங்களோடு போரில் நின்றதற்காக, ஆங்கிலேயர்கள் ஆறு இனத்துப் பூர்வகுடி மக்களுக்கு எழுதிக் கொடுத்தார்கள். மோஹாக், ஒனைடா, ஒனன்டாகா, கயூகா, செனகா, டஸ்கரோரா. இவர்கள் சேர்ந்த கூட்டமைப்புக்கு ஹோடெனோஷோனி என்று பெயர். வெள்ளைக்காரர்கள் வைத்த பெயர் இரோகுவாய். கொடுத்த நிலத்தில் இன்று அவர்கள் கையில் மிச்சமிருப்பது இருபதில் ஒரு பங்குகூட இல்லை. மற்றதெல்லாம் எங்கே போயிற்று என்ற கணக்கு இன்னும் டாலி ஆகாமல் கோர்ட்டில் இருக்கிறது. எந்த ஆடிட்டரும் கையெழுத்துப் போட மாட்டார்.

மிச்ச நிலத்தின் நடுவே ஓஷ்வேக்கன் என்ற ஊர். மக்காச்சோள வயல், சிகரெட் கடைகள், பெட்ரோல் பங்க், ஒரு கார் ரேஸ் மைதானம். ஹாக்கி அரங்கம் மாதிரி ஒரு கட்டடத்துக்கு கேலார்ட் பௌலெஸ் என்று பெயர். இந்த மண்ணில் பிறந்த ஆட்டக்காரர். மேலே சொன்ன ஆஷவா அணியில் ஆடி 1964-லிருந்து நாலு தடவை மின்டோ கோப்பை ஜெயித்தவர். அவர் அப்பா ராஸ் பௌலெஸ், பீட்டர்பரோ அணியில் ஆடி மான் கோப்பை தூக்கியவர். நம்ம ஊரில் தலைவர்கள் பெயரை வைப்பார்கள். இங்கே ஆட்டக்காரர் பெயர். ஊரின் பெரிய அணியான சிக்ஸ் நேஷன்ஸ் சீஃப்ஸ் 1994, 95, 96 மூன்று வருஷமும் மான் கோப்பையை இங்கே கொண்டுவந்தது.

பழைய ஆங்கிலத் தொலைக்காட்சித் தொடர் 'லோன் ரேஞ்சர்' பார்த்தவர்களுக்கு முகமூடி ஹீரோவின் பக்கத்திலேயே வரும் டான்ட்டோவைத் தெரியும். அந்த ஜே சில்வர்ஹீல்ஸ் இந்த ஊர்க்காரர்தான். பிறந்தது 1912. முதலில் பாக்ஸ் லக்ராஸ் ஆட்டக்காரர், லாஸ் ஏஞ்சல்ஸுக்கு ஆடப் போன இடத்தில்தான் சினிமா பிடித்துக்கொண்டது.

அரங்கத்துக்குள் சின்னப் பிள்ளைகள் ஆட்டம். நான் பார்த்த வரையில், நம் சனிக்கிழமைப் பிள்ளைகள் குச்சியைப் பிடித்திருந்தார்கள். இந்தப் பிள்ளைகளுக்குக் குச்சி கையிலிருந்து முளைத்திருந்தது. ஆறேழு வயசு வாண்டு, திரும்பிக்கூடப் பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் பந்தைத் தட்டிவிட்டுப் போகிறது. இங்கே ஆண் குழந்தை பிறந்தால் தொட்டிலில் குட்டிக் குச்சி வைக்கிற வழக்கம் உண்டு. இறந்தவரோடு குச்சியை வைத்து அடக்கம் பண்ணுவதும் உண்டு. அவர்களுக்கு இது படைத்தவன் பார்த்து ரசிக்கக் கொடுத்த ஆட்டம். யாருக்காவது உடம்பு முடியவில்லை என்றால் அவருக்காக ஆடுவார்கள். மருந்து ஆட்டம் என்று பெயர். அதில் கோப்பை கிடையாது.

கேலரியில் ஒரு பெரியவர் மரக் குச்சி வைத்திருந்தார். ஹிக்கரி என்ற மரத்தைப் பிளந்து, ஆவியில் வேகவைத்து வளைத்து, மாசக்கணக்கில் காயவைத்துச் செய்வது. பிளாஸ்டிக் தலை வந்தது 1970 வாக்கில்தான். அதற்கு முன் உலகமே ஆடியது இந்த மரக் குச்சியில். அக்கா ஆசையாகக் கை நீட்டினாள். பெரியவர் சிரித்துக்கொண்டே குச்சியைத் தன் பக்கம் நகர்த்திக்கொண்டார். மரக் குச்சியைப் பெண்கள் தொடுவதில்லையாம், வழக்கம். பிளாஸ்டிக் குச்சியில் பெண் பிள்ளைகள் தாராளமாக ஆடுகிறார்கள்.

"எங்க பாட்டி ஊறுகா ஜாடிக்கு வச்ச சட்டம் மாதிரி இருக்கு" என்று தமிழில் முணுமுணுத்தாள். ஆனால் கோபமில்லை. பையனிடம் குச்சியைக் கொடுத்து, பிடிக்கச் சொன்னார் பெரியவர். கனம் தாங்காமல் இரண்டு அடி பின்னால் போனான்.

வெள்ளைக்காரர்கள் இந்த ஆட்டத்தை முதலில் கொஞ்சம் பயத்தோடுதான் பார்த்தார்கள். காரணம் உண்டு. 1763-ல் மிச்சிலிமாக்கினாக் என்ற கோட்டைக்கு வெளியே ஓஜிப்வே இனத்தார் ஆட்டம் ஆடிக்கொண்டிருந்தார்கள். ஆங்கிலேய சிப்பாய்கள் வாசல் கதவைத் திறந்துபோட்டுக்கொண்டு வேடிக்கை பார்த்தார்கள். பந்து கோட்டைப் பக்கம் பறந்தது. எடுக்க ஓடினார்கள். ஓடியவர்கள் போர்வைக்குள் பெண்கள் ஒளித்து வைத்திருந்த ஆயுதங்களை வாங்கிக்கொண்டு உள்ளே புகுந்தார்கள். கோட்டை அவுட்!

அப்புறம் வெள்ளைக்காரர்கள் பழிவாங்கிய விதம் வேறு. விதி எழுதினார்கள், சங்கம் வைத்தார்கள். 1880-ல், இது அமெச்சூர்கள் ஆட்டம், பூர்வகுடிகள் காசு வாங்கி ஆடுகிறவர்கள் என்று சாம்பியன்ஷிப் போட்டியிலிருந்து அவர்களையே தள்ளி வைத்தார்கள். வீட்டுக்காரனைத் திண்ணையில் உட்கார வைத்த கதை. பிரான்ட்ஃபர்டில் 1970 வரை ஒரு பள்ளி நடந்தது. இந்த ஊர்க் குழந்தைகளைப் பெற்றவர்களிடமிருந்து பிரித்துக்கொண்டுபோய், தாய்மொழி பேசினால் தண்டித்த பள்ளி. கட்டடம் இன்றும் நிற்கிறது. அதைக் கடந்து வரும்போது அத்தான் காரை மெதுவாக்கினார், நிறுத்தவில்லை.

1930-களில் பெட்டி ஆட்டம் வந்தபோது அதைப் பிடித்துக்கொண்டு இவர்கள் மறுபடி உள்ளே வந்தார்கள். மூலதனக்காரன் வட்டி கட்டக் கண்டுபிடித்த ஆட்டம், பறிகொடுத்தவனுக்குக் கதவைத் திறந்துவிட்டது. 2003-ல் ஆரம்பித்த உலகப் போட்டியில் 2019 வரை ஐந்து தடவையும் கனடா முதலிடம், இவர்கள் இரண்டாமிடம். தனி அணியாக, தங்கள் கொடியோடு. 2010-ல் மான்செஸ்டரில் புல்வெளி உலகக் கோப்பை. தங்கள் சொந்தப் பாஸ்போர்ட்டில்தான் வருவோம் என்றார்கள். பிரிட்டன் ஏற்கவில்லை. கனடா, அமெரிக்கப் பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு போயிருக்கலாம். போகவில்லை. 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்ஸில் கிரிக்கெட்டோடு, ஆறு பேர் ஆடும் லக்ராஸும் திரும்ப வருகிறது. அதற்கும் தங்கள் கொடியோடுதான் வரவேண்டும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். தேசிய ஒலிம்பிக் கமிட்டி உள்ள நாடுகளுக்குத்தான் இடம் என்பது ஒலிம்பிக்ஸ் விதி. ஆட்டத்தைக் கொடுத்தவர்களுக்கு விதியில் ஒரு வரி சேர்க்கக் கஷ்டப்படுகிறார்கள் என்பது என் அபிப்பிராயம்.

அரங்கத்துக்கு வெளியே நாலைந்து உள்ளூர்ப் பிள்ளைகள் சுவரில் பந்தடித்துக்கொண்டிருந்தார்கள். நம் பையன் நேற்று அத்தான் வாங்கிக் கொடுத்த பழைய பிளாஸ்டிக் குச்சியோடு போய் ஓரமாக நின்றான். யாரும் கூப்பிடவில்லை, யாரும் விரட்டவுமில்லை. கொஞ்ச நேரத்தில் ஒரு பெண் குழந்தை பந்தைச் சுவருக்குப் பதில் இவன் பக்கம் எறிந்தது. தவறவிட்டான். மறுபடி எறிந்தது. மறுபடி தவறவிட்டான். ஆறாவதோ ஏழாவதோ வலைக்குள் 'சொத்' என்று விழுந்தது. உடனே தொட்டில் ஆட்ட ஆரம்பித்துவிட்டான், திருப்பி எறிய வேண்டும் என்பதையே மறந்து. அந்தப் பெண் இடுப்பில் கை வைத்துக்கொண்டு காத்திருந்தது. முக்கால் மணி நேரம். ஒருமுறை பந்து உதட்டில் உரசிக் கொஞ்சம் ரத்தம். அக்கா எழுந்தாள். அத்தான் அவள் புடவைத் தலைப்பைப் பிடித்து உட்கார வைத்தார். பையன் உதட்டைச் சட்டையில் துடைத்துக்கொண்டு, எங்களைப் பார்க்கிறானா என்று கூடப் பார்க்காமல், குச்சியை நீட்டினான்.

திரும்பும்போது இருட்டிவிட்டது. ஹாமில்டன் அருகே காபிக்கு நிறுத்திய இடத்தில் அக்கா கைப்பையைத் திறந்து பாரத்தை எடுத்தாள். பேனா கேட்டாள். கார் விளக்கில் பெயர், பிறந்த தேதி, டாக்டர் போன் நம்பர் எல்லாம் நிரப்பிக்கொண்டே வந்தவள் ஓரிடத்தில் நின்றாள்.

"இடது கையா, வலது கையான்னு கேட்டிருக்கான். எதைப் போடறது?"

எங்கள் மூணு பேருக்கும் தெரியவில்லை. பின் சீட்டில் பையன் குச்சியை மார்போடு கட்டிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான். திரும்பிப் பார்த்தோம். வலைப்பையின் பக்கம் இருந்தது இடது கை.